வெந்நீர்த் தவலையும் இடது கையும்

என் தங்கை கங்கையம்மாள் ஜெயித்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள ஒரு மரக்கூண்டு வண்டியில் அவளுக்கென்று ஒரு படுக்கையிடம். மூன்று குடம் நீர் பிடிக்கும் செப்புத் தவலை ஒன்றின் முழுப் பொறுப்பு. அவள் கழுவிய பாத்திரத்தில் சாப்பிடமாட்டேன் என்றவர் தம் சொம்பைத் தாமே கொண்டுவந்து அவளிடம் வைத்தது. பாலாற்றின் இரு கரைகளிலுமாக முப்பத்தோர் ஊர்களில், பிள்ளை பிறந்த வீடுகளில், "கங்கையம்மா சொன்னபடி" என்று சொல்லி வெந்நீர் வைக்கிறார்கள். இதையெல்லாம்விடப் பெரிதாக, ஒரு மருத்துவ சங்கத்தின் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி. முப்பத்தோர் ஊர் என்பதை ராஜவேலுவோடு உட்கார்ந்து விரல்விட்டு எண்ணித்தான் எழுதுகிறேன். அவன் அந்த வண்டியை ஓட்டுகிறவன், முப்பத்திரண்டு என்றான். ஓர் ஊரை இரண்டு பேரில் சொன்னதைக் கழித்துவிட்டேன்.

இவ்வளவையும் அவள் ஒன்றரைக் கையால் ஜெயித்தாள். அந்த அரைக் கையின் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் தெரு காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, செவிலிமேட்டுக்குப் போகும் வழியில் வயல்களுக்கு நடுவில் இருந்தது. வயல் எதுவும் எங்கள் ஜனங்களுடையது அல்ல. அப்பா இல்லை. அம்மா எல்லம்மாள் ஊருக்குள் கோதண்டபாணி என்பவருடைய சாயப் பட்டறையில் அடுப்பெரிக்கும் வேலை பார்த்தாள். பட்டு நூல் வரும்போது ஒருவகைப் பிசினோடு வரும். சவுக்காரமும் சோடாவும் போட்ட கொதிநீரில் முக்கி எடுத்தால்தான் பிசின் கழன்று நூல் பளபளக்கும். சாயம் அதன் பிறகுதான். நூற்கழிகளை ஒரு கோலில் வரிசையாக மாட்டி, கோலின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துத் தவலைக்குள் இறக்குவார்கள். எண்ணிக்கொண்டே இருந்து, எண்ணி முடிந்ததும் தூக்கிக் கவைக்கொம்பில் மாட்டுவார்கள். அந்த நீரையும் நூலையும் நாங்கள் தொடக்கூடாது. எங்களுக்கு விறகும் நெருப்பும் மட்டும்தான். அம்மாவோடு கங்கையும் போவாள். அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விறகு எடுத்துக் கொடுத்துக்கொண்டே அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்குப் பதினொரு வயதானபோது ஒரு நாள் அடுப்புக்கல் நழுவித் தவலை சாய்ந்தது. வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆறியபோது கடைசி மூன்று விரல்களும் உள்ளங்கையோடு மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. ஆட்காட்டி விரல் பாதி நிமிரும். கட்டைவிரல் அசையும், ஆனால் அதன் தோல் கூழாங்கல்லைப்போல வழவழவென்று ஆகிவிட்டது. கோதண்டபாணி கெட்டவர் அல்ல. வைத்தியரை அவரே கூட்டிவந்தார். ஆனால் கல்யாணப் பட்டு நனையும் இடத்தில் ஊனமான கை வேண்டாம் என்று கங்கையைப் பட்டறைக்குள் விடவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவள் வீட்டில் இருந்தாள். எல்லா வேலையையும் இடது கைக்குப் பழக்கிக்கொண்டாள். ஆனால் இடது கையால் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாலும் அக்கம்பக்கத்தார் "கீழ வை, எடுத்துக்கறேன்" என்பார்கள். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். நான் அதற்குள் நாலாவது வகுப்போடு படிப்பை நிறுத்தி, வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் மூட்டைகளின்மேல் தூரிகையால் அடையாளம் எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். வாரம் ஒரு முறை வீட்டுக்கு வருவேன்.

1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் வாரத்தில் எங்கள் தெரு முனையில் ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. ஒரு மருத்துவ சங்கத்தார் அனுப்பிய வண்டி. தகரக் கூரை போட்ட மரக்கூண்டு, பக்கத்துக்கு ஒரு சன்னல், பின்னால் மூன்று படி. உள்ளே ஒரு கட்டில், மருந்து அலமாரி, மடக்கு மேசை. இரண்டு மாடுகள் இழுக்கும். ஊருக்கு நான்கு நாள், ஐந்து நாள் என்று தங்கிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் செய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும். அதில் இருந்தவர்கள் நர்ஸ் கமலவேணி, கம்பவுண்டர் ஆதிகேசவன், வண்டிக்காரன் ராஜவேலு. நான்காவதாக வெந்நீர் வைக்கவும் பாத்திரம் கழுவவும் பூவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றார்கள்.

அம்மாவுக்கு அப்போது காலில் ஒரு புண். நர்ஸம்மா வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டார். வெந்நீர் கேட்டார். கங்கை அடுப்பில் பானையை வைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொதித்ததா என்று பார்க்கவில்லையே என்று நர்ஸம்மா கேட்டிருக்கிறார்.

"பாக்க வேணாம்மா, கேட்டா போதும். தண்ணி மொதல்ல முணுமுணுக்கும். அப்புறம் கத்தும். அப்புறம் அடங்கிடும். கத்தும்போது எடுத்தா வெறும் சூடு. அடங்கின பின்னாடிதான் கொதி."

இது சாயப் பட்டறையில் கற்றது. நர்ஸம்மா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, பிறகு கையைப் பார்த்தாராம். மறுநாள் அம்மாவிடம் கேட்டார். மூன்று மாதம் வண்டியில் இருக்கட்டும். மார்ச்சு மாதம் சங்கத்தின் காரியதரிசி பார்வையிட வருவார். அவருக்குத் திருப்தியானால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அவர் வேறு ஆளை அனுப்புவார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் இருக்கும்போது இவள் எதற்கு ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று கேட்டேன். அவளுக்கு நான் ஒரு குறையும் வைத்ததில்லை என்பது என் எண்ணம்.

"நீ கொறை வெக்கல அண்ணே. ஒன் சோத்துல ஒக்காந்துக்கினே கெழவி ஆயிட எனக்கு மனசு இல்ல, அவ்ளோதான்" என்றாள்.

டிசம்பர் மாதம் எட்டாம் தேதி திங்கட்கிழமை காலையில் அவள் வண்டியில் ஏறினாள். ஒரு துணி மூட்டை, ஒரு பாய்.

கம்பவுண்டர் ஆதிகேசவன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். நெற்றியில் நாமம் இல்லாமல், வண்டிக்குப் பக்கத்தில் தாம் அடித்துக்கொள்ளும் கூடாரத்தைவிட்டு வெளியே வரமாட்டார். சோறு பொங்குவது அவர்தான். நர்ஸம்மாவும் அதையே சாப்பிடுவார். மருந்தை நிறுப்பதில் அவரைப் போலச் சுத்தம் பார்க்கிறவரை நான் கண்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாள் கங்கை தட்டை வலது மணிக்கட்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இடது கையால் தேய்ப்பதைப் பார்த்தார். சாப்பிடும் தட்டை இடது கையால் தேய்க்கிறவள் வேண்டாம் என்று நர்ஸம்மாவிடம் போய்ச் சொன்னார். இடது கை என்றுதான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததும் எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து தம் பித்தளைத் தட்டையும் சொம்பையும் தனியே எடுத்துக்கொண்டுபோய் ஆற்றில் தாமே கழுவினார்.

அவர் குறை சொல்ல வழி செய்துகொடுத்தவளும் கங்கைதான். நர்ஸம்மாவுக்குப் புதிதாக ஓர் அலுமினியச் சட்டி வந்திருந்தது. கஞ்சி காய்ச்சி அடியில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைக் கழற்ற எங்கள் வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று: பட்டுக்குச் செய்வது. மருந்து அலமாரியின் கீழே துணி துவைக்க வைத்திருந்த சோடாவில் ஒரு பிடி எடுத்துச் சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கொதிக்க விட்டாள். கஞ்சி கழன்றுவிட்டது. வெள்ளியைப் போல இருந்த சட்டி உள்ளே கரியாகக் கறுத்துவிட்டது. பித்தளையும் செம்பும் மண்ணும் தவிர வேறு பாத்திரத்தை அவள் அதுவரை தொட்டதில்லை.

ஆதிகேசவன் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் நர்ஸம்மாவின் மேசைமேல் வைத்தார். "பட்டு வெளுக்கறவளைக் கூட்டியாந்தா சட்டி கறுத்துப் போவுது. காரியதரிசி வந்தா இதைத்தான் மொதல்ல காட்டணும்" என்றாராம். நர்ஸம்மா சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மருந்து கலக்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம், அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டார். ஆனாலும் கங்கையிடம் மறைக்காமல் சொன்னார்: "நான் உன்னை வெச்சுக்கலாம்னு சொன்னா மட்டும் போதாது கங்கை. மார்ச்சுல அவர் கேப்பார், இந்தக் கையால என்ன சுத்தம் ஆகும்னு. அதுக்கு நீதான் பதில் வெச்சிருக்கணும்."

அந்தப் பதிலை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதை ராஜவேலு அருகில் இருந்து பார்த்தான். அவனும் எங்கள் ஜனம்தான், தூரத்து உறவு.

முதலில் தண்ணீர். வண்டி எந்த ஊரில் நின்றாலும் அங்கே கிணறு இருக்கும். ஆனால் கங்கையும் ராஜவேலுவும் அதில் இறைக்க முடியாது. ஆதிகேசவன் இறைக்கலாம், ஒரு கம்பவுண்டர் குடம் தூக்கினால் ஊர் சிரிக்கும் என்று அவர் இறைக்கமாட்டார். அதனால் வண்டியை எப்போதும் ஆற்றோரமாகவே நிறுத்துவார்கள். மார்கழியில் பாலாற்றில் ஓர் ஓரமாக நீர் ஓடியது. தை பாதியில் அந்த ஓட்டமும் நின்று, மணலும் அங்கங்கே குட்டையும்தான் மிஞ்சின. கங்கை மணலில் முழங்கால் ஆழம் தோண்டுவாள். ஊறிவரும் முதல் நீரையும் இரண்டாம் நீரையும் இறைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாவதாகத் தெளிந்து வருவதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவாள். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருநாள் நான் கூடவே இருந்து பார்த்தேன். வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று, புறப்பட்டு, சத்தம் அடங்கும்வரை ஆனது. தவலைக்கு அப்படி மூன்று குடம்.

அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த நீரை வீணாக்க அவளுக்கு மனம் வராது. ஒரு தவலை வெந்நீரை எந்த வரிசையில் செலவழிக்க வேண்டும் என்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். கொதித்ததும் முதலில் நர்ஸம்மாவின் கத்தரிக்கோலுக்கும் ஊசிக்கும் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அடுத்தது குடிக்க ஒரு கூஜா. அடுத்தது டம்ளர்கள், பிறகு தட்டுகள், பிறகு எண்ணெய்ப் பாத்திரங்கள். கடைசியில் மிஞ்சும் கலங்கல் நீர், வண்டிப் படியருகே புழுதி எழாமல் தெளிக்க. அடுப்பைக்கூடக் காற்று வரும் திசைக்கு வாய் வைத்து மணலில் பள்ளமாக வெட்டுவாள். வண்டி எந்த ஊரில் நின்றாலும் மாட்டை அவிழ்க்குமுன் அவள் ஒரு பிடி மணலைத் தூவிக் காற்றைப் பார்ப்பாள் என்று ராஜவேலு சொல்வான்.

பிறகு கை. தேங்காய் நாரைக் கற்றையாக ஒரு சவுக்குக் குச்சியின் நுனியில் கட்டிக்கொண்டாள். சாம்பலைத் தொட்டு அந்தக் குச்சியால்தான் தேய்த்தாள். கை தட்டில் படவில்லை. ஆனால் தேய்த்ததைக் கழுவ வேண்டுமே, துடைக்க வேண்டுமே, அதற்குக் கை வேண்டுமே என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் ராஜவேலுவிடம் மாட்டுக்கு வைத்திருந்த தென்னங்கயிற்றில் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். பெரிய கண்ணிகளாக ஒரு வலைப்பை முடைந்தாள். கால் கட்டைவிரலில் கயிற்றை மாட்டிக்கொண்டு இடது கையால் முடைந்தாள். புதுக் கயிறு கொதிநீரில் சாயம் விடும் என்று தெரிந்து, வெறும் பையை மூன்று தடவை கொதிக்க வைத்து, மூன்றாம் தடவை நீர் தெளிவாக நின்ற பிறகே வேலைக்கு எடுத்தாள். தட்டுகளையும் டம்ளர்களையும் பையில் போட்டு, பையை ஒரு கோலில் கோத்து, இரண்டு கவைக்கொம்புகளுக்கு நடுவே கொதிக்கும் தவலைக்குள் இறக்கினாள். நூறு எண்ணினாள். தூக்கி அப்படியே கொம்பில் மாட்டினாள். சூட்டோடு வந்த தட்டு துணி படாமல் தானே உலர்ந்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் பார்த்ததுதான் இது. அங்கே பட்டு, இங்கே பீங்கான் பூசிய தகரத் தட்டு.

நர்ஸம்மா வண்டிப் படியில் நின்று பார்த்தார். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதைச் சொல்லிச் சொல்லியும் செய்யமாட்டார்கள் என்றார். அன்றிலிருந்து பிள்ளைபெற்றவர்கள் வண்டிக்கு வந்தால், மருந்து கொடுத்த பிறகு, "போய்க் கங்கையம்மா தட்டு காயவெக்கறதைப் பாத்துட்டுப் போங்க" என்று அனுப்புவார். நர்ஸம்மா சொல்லச் சொல்ல மற்றவர்களும் அவளைக் கங்கையம்மா என்றார்கள். அவளுடைய இருபதாவது வயது வரை அப்படி ஒருவர் கூப்பிட்டதில்லை.

ஆதிகேசவன் மட்டும் தம் சொம்பைத் தாமே ஆற்றில் கழுவிக்கொண்டிருந்தார். தை முடிவில் ஆறு வற்றி அங்கங்கே குட்டையாக நின்றது. ஒரு குட்டையில் மாடு இறங்கும், இன்னொன்றில் துணி துவைப்பார்கள். மாசி பிறந்த வாரத்தில் அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாள் கூடாரத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் மருந்தையே அவருக்குக் கலந்து கொடுத்தார் நர்ஸம்மா. மற்ற மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. நர்ஸம்மா எதுவும் சொல்லிக்காட்டவில்லை. எல்லோரும் சாப்பிடுவது ஒரே சோறுதானே என்று மட்டும் கேட்டாராம்.

மூன்றாம் நாள் காலையில் அவர் மெலிந்துபோய் வந்து, பித்தளைத் தட்டையும் சொம்பையும் வலைப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். கங்கை அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஐயா, இதை எந்தக் கையால எடுக்கட்டும்?"

ராஜவேலு மாட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், சிரிப்பை அடக்க முடியாமல். ஆதிகேசவன் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"கோலால எடும்மா."

அவர் சொன்னதில் அந்த 'அம்மா' என்பதை ராஜவேலு என்னிடம் இரண்டு தடவை சொன்னான். கங்கை பைக்குள் அவற்றைக் கோலால் தள்ளிவிட்டு, அன்றைக்கு நூற்றைம்பது எண்ணினாளாம்.

நான் வாரம் ஒரு கார்டு போடுவேன். வண்டி அடுத்து எங்கே நிற்கும் என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியனுப்புவார். அந்த ஊர்த் தபாலுக்கு எழுதுவேன். விலாசத்தில் அவள் பெயரை மூட்டையில் எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில், தெளிவாக எழுதுவேன். உள்ளே இருப்பதை நர்ஸம்மா படித்துக் காட்டுவார். அவருக்கு வேலை இருந்தால் ஆதிகேசவன், மருந்துச் சீட்டைப் படிக்கிற அதே குரலில். வண்டி வாலாஜாபாத்தில் தங்கியபோது சந்தை நாளில் மில் விட்டதும் போய்ப் பார்த்தேன். அவள் தவலையைக் கவிழ்த்துவைத்து அடிப்புறத்துக் கரியைத் தேய்க்க உட்கார்ந்திருந்தாள். கரிமேல் ஏதோ கீறியிருந்தது. அடியில் என்ன கீறல், செம்பு போய்விடப்போகிறது, பார்த்துத் தேய் என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, இப்பதான் தேய்க்க ஆரம்பிச்சேன்" என்று சொல்லிச் சாம்பலை அள்ளிப் போட்டு அழித்துவிட்டாள். நாள் முழுவதும் எழுத்தோடு புழங்குகிற எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே என்மேல் சிரிப்பு வருகிறது.

காரியதரிசி வரும் நாளில் வண்டி செவிலிமேட்டில் ஆற்றோரம் நின்றது. மில்லில் கொதிகலனைச் சுத்தம் செய்ய அன்று விடுமுறை. நான் காலையிலேயே போய்விட்டேன். அம்மாவும் வந்திருந்தாள், புண் ஆறிவிட்டது, மெதுவாக நடந்தே வந்தாள். கங்கை எங்களோடு பேச நிற்கவில்லை. தவலை அடுப்பில் இருந்தது.

காரியதரிசி ஒரு வக்கீல். வயதானவர், கண்ணாடி போட்டவர், பேச்சில் அவசரம் இல்லாதவர். கூடவே ஒரு குமாஸ்தா பெரிய பதிவுப் புத்தகத்தோடு வந்தார். மருந்து அலமாரியைப் பார்த்தார், நோயாளிகள் பட்டியலைப் பார்த்தார். காப்பி கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கொம்பில் தொங்கும் பையைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். நர்ஸம்மா கங்கையைப் பார்த்தார். கங்கை வாயால் சொல்லவில்லை. காலியான டம்ளர் ஒன்றைக் குச்சி நாரால் தேய்த்து, பையில் போட்டு, கோலில் இறக்கி, நூறு எண்ணி, தூக்கிக் காட்டினாள். அவர் முழு நூறும் நின்று பார்த்தார். கறுத்த அலுமினியச் சட்டியும் பக்கத்தில்தான் இருந்தது. அவள் அதை ஒளித்துவைக்கவில்லை. ஆதிகேசவன் காட்டவும் இல்லை.

"எழுதிக்கங்க, நிரந்தரம்" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுக் காரியதரிசி நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அது அவ்வளவு சுலபத்தில் முடியவில்லை. குமாஸ்தா பெயரை எழுதிவிட்டு மைப்பெட்டியைத் திறந்தார். பெண்களுக்கு வலது கட்டைவிரல் ரேகை என்பது அவர் புத்தகத்தின் வழக்கம். கங்கை வலது கட்டைவிரலை மையில் ஒற்றி, அவர் முதலில் நீட்டிய வெற்றுத்தாளில் வைத்தாள். ஒரு கரிய வட்டம் விழுந்தது. கோடே இல்லை. இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். மறுபடியும் அதே வட்டம்.

"ரேகையே இல்லியேம்மா. இது யாரோட விரல்னு நாளைக்கு யாரு சொல்றது?"

இடது விரலை வைக்கலாமே என்று நர்ஸம்மா கேட்டார். மேலே எழுதியிருக்கும் பெண்கள் எல்லோருக்கும் வலது கைதான், ஒன்றை மாற்றினால் தணிக்கையில் கேள்வி வரும், அதற்குக் கமிட்டியின் உத்தரவு வேண்டும் என்றார் குமாஸ்தா. கமிட்டி அடுத்துக் கூடுவது ஜூன் மாதம். அதுவரை பட்டியலில் இருக்கும் வேறொருத்தியை அனுப்பிவைக்கலாம் என்றும் சொன்னார். அவர் விரோதமாகச் சொல்லவில்லை. தம் புத்தகம் சரியாக இருக்கவேண்டும் என்றுதான் சொன்னார். அந்தக் கவலை எனக்கும் உண்டு என்பதால் அவரை நான் குறை சொல்லமாட்டேன். காரியதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தணிக்கை என்றதும் அவரும் யோசித்தார்.

வெந்த கை ஒன்பது வருஷம் கழித்து இங்கேயும் வந்து குறுக்கே நிற்கிறதே என்று நினைத்தேன். கங்கை மையைச் சாம்பலால் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஐயா, பேர எழுதினா ஆவுமா?"

"எழுதினா ஆவும். யாரு எழுதறது, உங்க அண்ணனா? அவர் எழுதினா செல்லாது."

"நான்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. கங்கை மேசைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, வலது மணிக்கட்டால் புத்தகத்தை அழுத்திக்கொண்டு, தட்டைத் தேய்க்க எப்படி அழுத்துவாளோ அப்படியே, இடது கையில் பேனாவை வாங்கினாள். குமாஸ்தாவின் கட்டத்துக்குள் எழுத்து அடங்கவில்லை. முதல் எழுத்தே கோட்டைத் தாண்டிப் போயிற்று. ஒவ்வொரு எழுத்தாக, நடுவில் நிறுத்தி மூச்சுவிட்டு, ஏழு எழுத்தும் எழுதினாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அது என் எழுத்து. 'க'வின் வாலைத் தூரிகையால் இழுத்து முடிக்கும்போது நான் ஒரு சின்ன வளைவு போடுவேன். மூட்டைகளில் போட்டுப் பழகியது, என் கார்டுகளிலும் விழுந்துவிடும். அந்த வளைவு அப்படியே இருந்தது. தவலையின் அடியில் நான் பார்த்த கீறலும் அதுதான். தினமும் கரிமேல் விரலால் எழுதி, எழுதியதைத் தேய்த்து அழித்து, மறுநாள் புதுக் கரியில் மறுபடியும் எழுதியிருக்கிறாள்.

குமாஸ்தா புத்தகத்தைத் தம் பக்கம் திருப்பினார். எழுத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "இடது கையாலயா..." என்று இழுத்தார்.

"அந்தக் கையைப் பத்தி என்னைக் கேளுங்க" என்றார் ஆதிகேசவன். "ஒரு மாசமா அந்தக் கை காயவெச்ச தட்டுலதான் சாப்புட்டுக்கினு இருக்கிறேன். சாட்சி வேணும்னா நான் போடறேன்."

காரியதரிசி தலையசைத்தார். ஆதிகேசவன் குனிந்து அவள் பெயருக்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவர் எழுத்துச் சின்ன எழுத்து. அவள் பெயருக்கு அடியில் அது எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தது.

கங்கை பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். "தண்ணி அடங்கிடுச்சு" என்று அடுப்பண்டை போய்விட்டாள். தவலையின் கத்தல் அடங்கியது எங்களில் யார் காதிலும் விழவில்லை. காரியதரிசியின் டம்ளரையும் குமாஸ்தாவின் டம்ளரையும் பைக்குள் தள்ளி, கோலை இறக்கி, எண்ண ஆரம்பித்தாள். அவள் நாற்பதோ ஐம்பதோ எண்ணிக்கொண்டிருந்தபோது, குமாஸ்தா மையைத் தொட்டுப் பக்கத்துக் கட்டத்தில் தேதியை எழுதினார்: 9-3-1931, திங்கட்கிழமை.